லினக்ஸில் நான்கு மாதம், திரையைப் பார்க்காமல்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கணினி பழகியது முழுக்க விண்டோஸில்தான், தொடக்கத்தில் ஜாஸ், பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக என்விடிஏ, இரண்டும் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் என்று பேச்சு வந்தாலே "அது நமக்குச் சரிப்படாது" என்று சிலர் சொல்வார்கள், "ஓர்காதான் இருக்கிறதே, எல்லாம் பேசும்" என்று, லினக்ஸின் திரைவாசிப்பானைக் காட்டி, வேறு சிலர் சொல்வார்கள். எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வராது. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று சும்மா கிடந்த ஒரு மடிக்கணினியைக் காலி செய்து லினக்ஸைப் போட்டேன். நான்கு மாதம் ஆகிறது. இப்போது என் அன்றாட வேலையில் பாதிக்கு மேல் அதில்தான் நடக்கிறது.

முழுதும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெர்மினல் வேலைக்கு, அதாவது கட்டளைகளை எழுத்தில் தட்டிச் செய்யும் வேலைக்கு, இனி நான் வேறு எதற்கும் திரும்பிப் போவதாக இல்லை. டெஸ்க்டாப் பரவாயில்லை, பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் விண்டோஸில் எப்போதோ ஒருமுறை நின்றுபோகும் பேச்சு இங்கே எனக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது நிற்கிறது. நின்ற பேச்சைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் தாராளமாக வரலாம். தெரியாதவர்கள் இதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம், பக்கத்தில் இன்னொரு கணினி இருக்கட்டும்.

பேச்சு நிற்பது என்றால் என்ன என்று பார்வை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் திரை கறுத்துப்போனால் கணினி கெட்டுவிட்டது என்று உங்களுக்கு உடனே தெரியும். எனக்கு அது தெரியாது. கணினி நின்றுவிட்டதா, திரைவாசிப்பான் மட்டும் விழுந்துவிட்டதா, ஒலி போய்விட்டதா, அல்லது எல்லாம் சரியாக இருந்து எனக்குச் சொல்லத்தான் எதுவும் இல்லையா, நான்கும் என் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். லினக்ஸோடு என் அறிமுகமே இப்படித்தான் தொடங்கியது.

முதலில் எடுத்தது எல்லோரும் பரிந்துரைக்கும் ஒரு பெரிய டிஸ்ட்ரோ (லினக்ஸை மற்ற மென்பொருட்களோடு சேர்த்துத் தரும் வழங்கல்), பெயர் வேண்டாம். பென் டிரைவில் ஏற்றி, பென் டிரைவிலிருந்து துவங்கும்படி அமைத்தேன். இந்த இடத்தில் எந்த இயங்குதளமும் உதவாது, ஏனென்றால் இயங்குதளம் துவங்கும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குப் பேச்சே கிடையாது. கைபேசிக் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து, எழுத்தைப் படித்துச் சொல்லும் ஒரு செயலியை வைத்துத்தான் அந்தப் பட்டியலைத் தாண்டினேன். பிறகு ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன் (விண்டோஸ் விசையைத்தான் இங்கே சூப்பர் என்கிறார்கள்). ஓர்காவை எழுப்ப வேண்டிய விசைகள் அவை. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன், கணினியை நிறுத்தித் துவக்கினேன், பென் டிரைவை மாற்றினேன், அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "அண்ணா, ஸ்க்ரீன் ரீடர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒலி மட்டும் எச்டிஎம்ஐக்குப் போகிறது" என்றாள். கணினியோடு இணைத்திருந்த வெளித்திரைக்கு ஒலிபெருக்கியே கிடையாது. அவ்வளவு நேரமும் ஓர்கா என்னோடு பேசியிருக்கிறது, அந்தப் பேச்சு கேட்காத ஒரு கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. கணினியில் ஒரு தவறும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் கண் தெரிந்த ஒருவர் வராமல் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்துப் போனது டெபியன் என்ற இன்னொரு டிஸ்ட்ரோவுக்கு. அதன் நிறுவியை எழுதியவர்களுக்கு என் நன்றியை இங்கே பதிவு செய்ய வேண்டும். துவக்கப் பட்டியல் வந்ததும் எஸ் அழுத்தி என்டர் தட்டினால் போதும், பேசும் நிறுவி தொடங்கிவிடும். கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டை இருந்தால், ஒவ்வொன்றின் வழியாகவும் பேசிப் பார்த்து, கேட்கிறது என்றால் என்டர் தட்டு என்கிறது. என்னை அரை மணி நேரம் அலைக்கழித்த அதே சிக்கலை இவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள்! அதன்பிறகு எல்லாம் கேள்வி பதில்தான். தேர்வுகளை எண் போட்டுப் படிக்கும், நான் எண்ணைத் தட்ட வேண்டும். வட்டைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தேன், மற்றதெல்லாம் தன் போக்கில் போனது. நிறுவி முடித்துக் கணினி மறுபடி துவங்கியபோது உள்நுழையும் திரையே பேசியது. யார் உதவியும் இல்லாமல் ஒரு இயங்குதளத்தை முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை நானே நிறுவியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

லினக்ஸில் டெஸ்க்டாப்பையும் நாமே தேர்ந்தெடுக்கலாம், நான் மாட்டே என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய பாணி மெனு, பழைய பாணிப் பலகம், விசைப்பலகையில் எல்லா இடத்துக்கும் போக முடிகிறது. க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பையும் போட்டுப் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஓர்கா. என்விடிஏவிலிருந்து வருபவருக்கு முதல் வாரம் கைதான் எதிரி. இணையப் பக்கத்தில் தலைப்புக்கு எச், இணைப்புக்கு கே, பொத்தானுக்கு பி, எழுதும் பெட்டிக்கு இ, இதெல்லாம் அப்படியே இருப்பதால் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும். ஆனால் உலவும் நிலைக்கும் எழுதும் நிலைக்கும் மாற என்விடிஏவில் இன்செர்ட்டும் ஸ்பேஸும், ஓர்காவில் இன்செர்ட்டும் ஏ. பழக்கத்தில் ஸ்பேஸைத் தட்டினால் ஓர்காவின் அமைப்புகள் சாளரம் திறந்துகொள்ளும். ஒரு படிவம் நிரப்புவதற்குள் அந்தச் சாளரத்தைப் பத்து முறை மூடியிருப்பேன். இன்செர்ட்டும் எச்சும் அழுத்தினால் பயிற்சி நிலை வரும், எந்த விசை என்ன செய்யும் என்று தட்டத் தட்டச் சொல்லும். முதல் நாளே அதில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அப்புறம் எண் பலகை. 7, 8, 9 வரிக்கு, 4, 5, 6 சொல்லுக்கு, 1, 2, 3 எழுத்துக்கு என்று திரையை மேலிருந்து கீழே துழாவலாம். டேப் விசைக்குச் சிக்காத பொருட்களைப் பிடிக்க இதுதான் வழி. மடிக்கணினியில் எண் பலகை இல்லாதவர்கள் அமைப்புகளில் மடிக்கணினி விசை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கேப்ஸ் லாக் ஓர்கா விசையாகிவிடும்.

ஓர்காவின் பின்கதை தெரிந்தால் அதன் குறைகள்மேல் கொஞ்சம் பொறுமை வரும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் தொடங்கியது அது, 2006இல் க்னோமோடு சேர்ந்து வர ஆரம்பித்தது. 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு அங்கிருந்த அணுகல்தன்மைக் குழு சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் ஓர்கா உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஜோன்மேரி டிக்ஸ் என்ற ஒருவரின் உழைப்பால். கோடிக்கணக்கான வரி மென்பொருள் உள்ள ஒரு உலகத்தில், பார்வையற்றவர்களுக்கான வாசல் ஏறக்குறைய ஒரே ஒருவர் தோளில் நின்றிருக்கிறது. எனக்கு இது வியப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

எது எது பேசுகிறது? ஃபயர்ஃபாக்ஸ் நன்றாகப் பேசுகிறது, விண்டோஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தண்டர்பேர்ட் அஞ்சலுக்குப் போதும். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் நாற்பது பக்க ஆவணம் ஒன்றைத் தலைப்பு, அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் வைத்து முடித்தேன். கால்க்கில் சின்னத் தாள் ஓடுகிறது, ஆயிரக்கணக்கான வரி வந்தால் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் மூச்சு வாங்குகிறது. கோப்பு மேலாளர், உரைத் திருத்தி, காணொளி இயக்கி எல்லாம் சரி.

பேசாதவற்றின் பட்டியலும் சின்னதில்லை. நிர்வாகி உரிமையோடு திறக்கும் சில சாளரங்கள் வேறொரு பயனரின் பெயரில் ஓடுவதால் ஓர்காவுக்கு எட்டுவதில்லை, வட்டுப் பகுப்பு மென்பொருள் ஒன்றைத் திறந்துவிட்டு அது திறந்ததா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். க்யூடி என்ற நிரல் தொகுப்பை வைத்து எழுதிய சில செயலிகளுக்கும், குரோம் உலாவியின் உட்பகுதியை வைத்துச் செய்த எலக்ட்ரான் செயலிகளுக்கும், அணுகல்தன்மையை இயக்கு என்று சூழல் மாறியிலோ துவக்கக் கட்டளையிலோ தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு பேசின. ஆனால் சொல்ல வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பேசாத செயலி, நான் பேசமாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. வேலைக்குத் தேவையான ஒரு காணொளிச் சந்திப்பு மென்பொருள் கடைசிவரை பாதிதான் பேசியது, அதை உலாவியிலேயே திறந்து சமாளிக்கிறேன்.

வேலண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். சாளரங்களைத் திரையில் காட்டுவதையும் விசைகளைச் செயலிகளுக்குக் கொடுப்பதையும் கவனிக்கும் பழைய முறை எக்ஸ் 11, புதியது வேலண்ட். எக்ஸ் 11இல் எந்த நிரலும் எல்லா விசைகளையும் ஒட்டுக் கேட்க முடியும். அது பாதுகாப்புக்குக் கேடு என்று வேலண்ட் அந்தக் கதவை அடைத்தது. ஆனால் திரைவாசிப்பான் செய்வதே அதைத்தான், எந்தச் செயலிக்குள் இருந்தாலும் என் விசைகளைக் கேட்டாக வேண்டும். கதவை அடைத்தவர்கள் திரைவாசிப்பானுக்கென்று ஒரு தனி வாசல் வைப்பதற்குள் பல வருடம் போய்விட்டது. 2025இல் வந்த க்னோம் 48இல்தான் கேப்ஸ் லாக் ஓர்கா விசையாக வேலண்டிலும் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தது. அதில் இரண்டு வாரம் இருந்து பார்த்தேன். அன்றாட வேலைக்குப் போதும், ஆனால் மாட்டேயில் எக்ஸ் 11 தரும் உறுதி இன்னும் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை. 2023இல் ஜெர்மன் அரசின் நிதி அமைப்பான சாவரின் டெக் ஃபண்ட் க்னோமுக்குப் பத்து லட்சம் யூரோ கொடுத்தது, அதில் ஒரு பகுதி அணுகல்தன்மை வேலைக்குப் போனது. காசு வந்தால் வேலை நடக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

டெர்மினலுக்கு வருவோம். இதற்காகத்தான் இந்த மதிப்பீட்டையே எழுத உட்கார்ந்தேன்.

வரைகலைத் திரை என்பது கண்ணுக்காகச் செய்த ஒன்றைக் காதுக்கு மொழிபெயர்ப்பது. டெர்மினலில் அந்த மொழிபெயர்ப்பே கிடையாது. நான் ஒரு வரி எழுதுகிறேன், அது ஒரு வரி திருப்பிச் சொல்கிறது. பார்வை உள்ளவருக்கும் எனக்கும் கையில் இருப்பது ஒரே பொருள்தான். கடவுச்சொல் தட்டும்போது ஒன்றும் கேட்கவில்லையே என்று முதல் நாள் தவித்தேன், பிறகுதான் தெரிந்தது, அங்கே யாருக்குமே எதுவும் காட்டுவதில்லை.

ஒரு உதாரணம். இருநூறு பக்கம் வருடி எடுத்த ஒரு தமிழ்ப் பிடிஎஃப் என்னிடம் இருந்தது, எழுத்தே இல்லை, எல்லாம் படம். முன்பு இப்படி ஒன்று வந்தால் பக்கம் பக்கமாக எழுத்துணரியில் போட்டு, நகலெடுத்து, ஒட்டி, இரண்டு மாலைப்பொழுது போகும். இங்கே ஒரு கட்டளையில் பக்கங்களைப் படங்களாகப் பிரித்தேன், டெசராக்ட் என்ற எழுத்துணரிக்குத் தமிழ்த் தரவை நிறுவி, ஒரு சின்னச் சுழற்சி எழுதி எல்லாப் படத்தையும் அதற்குள் அனுப்பினேன், கடைசியில் ஒரே உரைக்கோப்பாகச் சேர்த்தேன். ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். பிழைகள் இருந்தன, ளகர ழகரம் சில இடத்தில் மாறியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. பல வருடமாகத் திறக்காமல் வைத்திருந்த புத்தகம் அது. கட்டளை தட்டப் பிடிக்காதவர்களுக்கு லயோஸ் என்று இதையே சாளரத்தில் செய்துதரும் செயலி இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கென்றே உபுண்டு மாட்டேயை அடிப்படையாக வைத்துச் செய்த ஆக்சஸிபிள் கோகனட் என்ற வழங்கலில் அது ஏற்கெனவே ஏற்றப்பட்டே வருகிறது.

டெர்மினலிலும் குறை உண்டு. ஒரே நேரத்தில் நூறு வரி கொட்டினால் ஓர்கா திணறும், நிறுவும்போது விழுக்காடு ஓடிக்கொண்டே இருந்தால் அதையே பிதற்றிக்கொண்டிருக்கும். வெளியீட்டைக் கோப்பில் போட்டுவிட்டுப் பிறகு நிதானமாகப் படிப்பது என் வழி.

இமேக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியாது. கண் தெரியாத கணினி விஞ்ஞானி டி.வி. ராமன் 1995இல் வெளியிட்டது, பதினான்கு வயதில் முழுதும் பார்வையை இழந்தவர் அவர். மற்றத் திரைவாசிப்பான்கள் திரையில் இருப்பதைப் பிடித்துப் படிக்கும். இது இமேக்ஸ் என்ற உரைத் திருத்திக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அந்த எழுத்து என்னவென்று தெரிந்து பேசும். நிரலில் வரும் குறிப்புரையை ஒரு குரலிலும், கட்டளைச் சொல்லை வேறு குரலிலும் சொல்லும், பார்வை உள்ளவர்கள் நிறத்தில் பிரித்தறிவதை நான் குரலில் பிரித்தறிகிறேன். கற்றுக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது, விசைகள் அத்தனை. நிரல் எழுதுபவர் அல்லது நிறைய எழுதுபவர் என்றால் அந்த மூன்று வாரத்தைக் கொடுங்கள். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

சரி, பேச்சு நின்றால் என்ன செய்வது? இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இதை யாரும் ஒரே இடத்தில் சொல்லித் தரவில்லை. செயலி சொல்வது ஓர்காவுக்கு வருகிறது, ஓர்கா அதை ஸ்பீச் டிஸ்பாட்ச்சர் என்ற இடைத்தரகருக்குக் கொடுக்கிறது, அது எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக்குக்குக் கொடுக்கிறது, ஈஸ்பீக் உண்டாக்கும் ஒலியை பைப்வயர் எடுத்து ஒலி அட்டைக்கு அனுப்புகிறது. இத்தனை கைமாறி வருகிறது, எந்தக் கை நழுவினாலும் எனக்கு ஒரே அமைதிதான். நான் முதலில் செய்வது ஆல்ட், சூப்பர், எஸ் இரண்டு முறை, ஓர்காவை அணைத்துப் போட. அதற்கும் வரவில்லையென்றால் ஆல்ட்டும் எஃப் 2வும் அழுத்தி, ஓர்கா என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனோடு ரீப்ளேஸ் என்று எழுதி என்டர். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே சரியாகிவிடும். இல்லையென்றால் அதே ஆல்ட் எஃப் 2வில் ஸ்பீச் டிஸ்பாட்ச்சரைக் கொல்லும் கட்டளை, அடுத்த முறை பேச வேண்டியபோது அது தானாக எழுந்துகொள்ளும். அதற்கும் அசையவில்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 அழுத்தி எழுத்துக் கன்சோலுக்குப் போய்விடுவேன். அங்கே பேசுவது ஓர்கா இல்லை, லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கப். டெஸ்க்டாப் முழுக்க விழுந்தாலும் அது பேசும். ஒருமுறை அந்தக் கன்சோலாலேயே சிக்கல், கன்சோல் பேசுகிறது, டெஸ்க்டாப் ஊமையாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்கத் தேடிய பிறகு கண்டுபிடித்தேன், கன்சோலின் பேச்சு நிரல் ஒலி அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு விடவில்லை. அதை நிறுத்தியதும் ஓர்கா வந்துவிட்டது.

பிரெயில் காட்சிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயமே பாதி குறைந்துவிடும். நண்பர் ஒருவருடையதை ஒரு வாரம் கடன் வாங்கி இணைத்தேன், பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது, ஒலி போனபோதும் விரலுக்குக் கீழே எழுத்து இருந்தது. திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை.

யார் மாறலாம்? நிரல் எழுதுபவர்கள், நிறைய உரையோடு வேலை செய்பவர்கள், ஒரு சிக்கல் வந்தால் இரண்டு மணி நேரம் உட்காரத் தயங்காதவர்கள். அலுவலகம் கொடுத்த விண்டோஸ் மென்பொருளோடு நாள் முழுக்க இருக்க வேண்டியவர்களும், இப்போதுதான் திரைவாசிப்பான் பழக ஆரம்பித்தவர்களும் கொஞ்சம் பொறுங்கள். பென் டிரைவில் ஏற்றிச் சும்மா ஓட்டிப் பார்ப்பது யாருக்கும் நல்லதுதான், ஆனால் வெளித்திரையைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

தமிழைக் கடைசிக்கு வைத்தேன், அதில்தான் எனக்கு ஆதங்கமும் அதிகம். ஈஸ்பீக்கில் தமிழ் இருக்கிறது, ஓர்கா அமைப்புகளில் மொழியை மாற்றினால் வந்துவிடும், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் ஓரளவு ஒப்பேற்றிவிடும். ஆனால் அது இயந்திரக் குரல். என் கைபேசி தமிழை மனிதக் குரலில் படிக்கிறது, இங்கே தகரத்தைத் தட்டியதுபோல் வருகிறது. வேகத்தைக் கூட்டினால் ஆங்கிலத்தில் தெளிவு குறைவதில்லை, தமிழில் நீண்ட சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் தமிழ் 99 விசை அமைப்பைப் போட்டேன், எழுத்து சரியாக விழுகிறது, ஆனால் தட்டும் எழுத்தை ஓர்கா ஒழுங்காகச் சொல்வதில்லை, அதனால் எழுத்து எதிரொலியை அணைத்துவிட்டுச் சொல் முடிந்ததும் படிக்கும்படி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. ஈஸ்பீக் எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பது இரண்டு சாதாரண உரைக்கோப்புகளில் எழுதியிருக்கிறது, ஒன்றில் விதிகள், இன்னொன்றில் சொற்பட்டியல். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், ஒரு கட்டளையில் தொகுத்தால் அடுத்த நொடி குரல் மாறிவிடும். என் தங்கையின் பெயரை அது தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன், இப்போது சரியாகச் சொல்கிறது. அதிலிருந்து காதில் உறுத்தும் சொல்லையெல்லாம் குறித்துவைக்க ஆரம்பித்துவிட்டேன், நாற்பதைத் தாண்டிவிட்டது. பாதியைத் திருத்தியாகிவிட்டது, மீதிக்கு விதிகளைத் தொட வேண்டும், அது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஒலியியல் தெரிந்த யாராவது இதைப் படித்தால், அந்த விதிக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.